எஞ்சிய துண்டுகள்

தம்பி மகன் கார் வாங்கிய செய்தி நமக்கு முதன்முதலில் எட்டியது மகிழ்ச்சிச் செய்தியாக அன்று, புகாராகவே எட்டியது. ஆலங்காயத்திலிருந்து தொலைபேசியில் பேசிய தம்பி, "அண்ணா, நீங்கள் சொன்னால்தான் கேட்பான். சம்பளத்தில் பாதியைப் பெட்ரோல் பங்கில் கொடுத்துவிட்டு வருகிறான்" என்று குரல் தாழ்த்திச் சொன்னார். பையன் அருகில் எங்கோ இருந்திருக்க வேண்டும்.

பையன் என்பது பழக்கத்தில் வந்துவிட்ட சொல். முப்பதை எட்டிவிட்ட அவன் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரை அடுத்த ஒரு பள்ளியில் ஆசிரியன். ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக மலையேறி, மாலையில் இறங்கி வருகிறான். போக வர நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அவன் வாங்கியது ஒருவர் ஓட்டிக் கைமாற்றிய பலேனோ ஆர்.எஸ். ஜப்பானின் சுசூகி நிறுவனத்து 'பூஸ்டர்ஜெட்' எஞ்சினுடன் மாருதி 2017ஆம் ஆண்டில் நம் நாட்டில் இறக்கி, 2020இல் நிறுத்திவிட்ட வண்டி அது. கொள்ளளவு 998 கன சென்டிமீட்டர், உருளைகள் மூன்று. ஆயினும் டர்போ பூட்டியிருப்பதால் 102 குதிரைத்திறன். உண்மையான ஜப்பானியப் பந்தயக் கார்கள் நம் நாட்டில் செல்வர் வீட்டுக் கொட்டகைகளில் உறங்குபவை. ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டும் தூரத்தில் அவற்றின் சாயலாவது கொண்டது இது ஒன்றுதான் என்பது அவன் வாதம். கல்லூரி நாள்களில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் வேலியோரம் வெயிலில் நின்றவன் அவன். அந்த ஆசை உள்ளே கிடந்து வளர்ந்திருக்கிறது.

தவக்காலத்தின் ஒரு திங்கட்கிழமை நாமும் அவனோடு மலைக்குச் சென்றோம். சொல்வதற்குமுன் பார்த்துவிட வேண்டும் என்பது நம் எண்ணம். ஊரைத் தாண்டிச் சாலை மேலேறத் தொடங்கியதும் வண்டியின் குரல் மாறிற்று. காலை அழுத்தியபோதெல்லாம் முன்புறத்தில் மெல்லிய சீழ்க்கையொலி ஒன்று எழுந்தது. முதுகை யாரோ பின்னிருந்து பிடித்து இருக்கையோடு அழுத்துவது போலிருந்தது. ஒரு வளைவு, கடுமையான பிரேக், மறுபடியும் சீழ்க்கை, மறுபடியும் பிரேக். புளியமரங்களும் சாமைக் கொல்லைகளும் பலாமரங்களும் சன்னலில் வழுக்கிக்கொண்டு பின்னோக்கிப் போயின. பேருந்து நிறுத்தங்களில் தலைச்சுமையோடும் புத்தகப்பையோடும் நின்றவர்களும் அவ்வாறே போயினர். அவர்களை அன்று நாமும் கவனித்தோமில்லை. நம் கண் முழுவதும் எரிபொருள் முள்ளின்மேல் இருந்தது.

டர்போ என்னும் அந்தக் கருவியைப்பற்றி நமக்கு எப்போதும் ஓர் அன்பு உண்டு. பெட்ரோல் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வீணாக வெளியேறிவிடுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூச்சி இந்த வீணைக் கண்டு மனம் பொறாமல், வெளியேறும் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அச்சக்கரத்தின் மறுமுனையால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் வழியைக் கண்டு 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். கைப்பிடிக்குள் அடங்கும் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு இலட்சம் சுற்றுக்கும்மேல் சுழலக்கூடியது. ஐயாயிரம் பேர் உண்டு முடித்தபின், எஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்த்து வைக்கச் சொன்னார் நம் ஆண்டவர். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. வகுப்பில் டர்போவை விளக்கும்போதெல்லாம் நமக்கு அந்தக் கூடைகள்தாம் நினைவுக்கு வரும். அரசுப் பள்ளி வகுப்பறையில் அதைச் சொன்னதில்லை. இங்கே சொல்லலாம்.

ஜப்பானிலும் இக்கருவி சிக்கனத்தின் பெயரைச் சொல்லித்தான் பயணிகள் காருக்குள் நுழைந்தது. 1973இலும் 1979இலும் எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கிற்று. சொந்த எண்ணெய் வளம் மிகக் குறைவான அந்நாட்டுக்கு அது உயிர்ப்பிரச்சினை. இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சின்களுக்கு அங்கே வரியும் கடுமை. 1979ஆம் ஆண்டின் இறுதியில் நிசான் நிறுவனம் செட்ரிக், குளோரியா என்னும் தன் கார்களில் டர்போவைப் பொருத்தியது. சிறிய எஞ்சின், பெரிய எஞ்சினின் வலிமை என்பது அதன் பொருள். அடுத்த ஆண்டே ஸ்கைலைன் காருக்கும் டர்போ வந்தது. 1992இல் சுபாருவின் இம்பிரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ்., மிட்சுபிஷியின் லான்சர் எவலூஷன் ஆகிய இரண்டும் பிறந்தபோது சிக்கனத்தின் பேச்சு அடங்கிப் போயிருந்தது. துண்டுகளைச் சேர்க்க வந்த கூடை இன்னொரு விருந்துக்கு வழி செய்துவிட்டது.

வழி செய்தது எப்படி என்பதில்தான் தம்பி மகனின் கதை இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். டர்போ காற்றை அழுத்தித் திணித்தால், அதற்கு ஈடாகப் பெட்ரோலையும் திணித்தாக வேண்டும். மெதுவாகப் போகையில் அவன் வண்டி ஒரு லிட்டர் எஞ்சின். காலை அழுத்தினால் ஒன்றரை லிட்டர் எஞ்சினின் வயிறு அதற்கு வந்துவிடுகிறது. அழுத்திய காற்று சூடேறும். சூடேறினால் எரிபொருள் உரிய நேரத்துக்குமுன் தானே பற்றி எஞ்சினைத் தட்டும். மிகக் கடுமையாக ஓட்டும் வேளைகளில் அதைத் தணிக்கவே சிறிது பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும்படி வகுத்திருப்பார்கள். அந்தக் கூடுதல், வண்டியை ஓட்டுவதற்கு அன்று, குளிர்விப்பதற்கு. ஆக, ஒரே கூட்டுக்குள் இரண்டு வயிறுகள். எதற்குச் சோறிடுவது என்பதை ஓட்டுபவனின் வலக்கால் தீர்மானிக்கிறது.

அவனிடம் ஒரு கணக்கேடு இருந்தது. டேங்கை வழிய நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மறுமுறை வழிய நிரப்பும்போது பிடித்த லிட்டரால் வகுக்கும் முறை. அந்த மட்டில் ஒழுங்கானவன். சோதனைக்கூடத்தில் வண்டிக்குக் கிடைத்த சான்றளவு லிட்டருக்கு 21.1 கிலோமீட்டர். உருளைகளின்மேல் வண்டியை நிறுத்தி, வகுத்துவைத்த வேகங்களில் ஓட்டி எடுப்பது அது. அங்கே மலையும் இல்லை, மழையும் இல்லை, பந்தயத் தட நினைவும் இல்லை. கணக்கேட்டிலோ 12.4, 12.1, 12.6 என்றே பக்கங்கள் ஓடின. "மலை, பெரியப்பா! மலை குடித்துவிடுகிறது" என்றான்.

முப்பது ஆண்டு இயற்பியல் கற்பித்த கை சும்மா இருக்குமா? அவன் பள்ளித் திண்ணையில் அமர்ந்து, அந்தக் கணக்கேட்டின் பின்பக்கத்திலேயே போட்டுப் பார்த்தோம். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் நிற்குமிடம் கடல் மட்டத்துக்குமேல் 725 மீட்டர். வானியலாளர் அளந்து வைத்த எண். அடிவாரத்திலிருந்து ஏறும் உயரத்தை, இடையிலுள்ள மேடுபள்ளங்களையும் சேர்த்துத் தாராளமாக 400 மீட்டர் என்றே வைத்துக்கொண்டோம். வண்டியும் ஆளும் ஒரு டன். அதை 400 மீட்டர் தூக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 40 இலட்சம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளது சுமார் 320 இலட்சம் ஜூல். கால்பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும் என்றாலும் 80 இலட்சம். அப்படியானால் மலை குடிப்பது அரை லிட்டர். அவ்வளவுதான். சமவெளியில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்று கொண்டால் 60 கிலோமீட்டருக்கு மூன்றேகால் லிட்டர் சொச்சம். மலைக்கு அரை லிட்டர் கூட்டினால் நாலு லிட்டருக்குள் அடங்குகிறது. அவன் செலவழிப்பதோ நாலே முக்கால் லிட்டருக்கும்மேல். மீதி முக்கால் லிட்டர் எங்கே?

அதையும் தேடினோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை வளைவுக்காக 20க்கு இறக்கும் ஒவ்வொரு முறையும் பிரேக் தகட்டில் வெப்பமாகக் கரைவது, பெட்ரோல் கணக்கில் ஏறத்தாழ 15 மில்லி. இருமல் மருந்துப் புட்டியின் மூடியளவு. நாளுக்கு நாற்பது முறை என்றால் 600 மில்லி. மீதி, அந்தச் சீழ்க்கையொலியோடு போயிற்று. கணக்கைப் பார்த்து அவன் நெடுநேரம் பேசவில்லை. மலையின் பெயரில் எழுதி வைத்திருந்த கடன் தன் பெயருக்கு மாறிவிட்டதைக் கண்டவனின் மௌனம் அது. நாம் அப்போது உள்ளூர மகிழ்ந்தோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் அடுத்து வருவது நம் பிழை.

வென்ற களிப்பில் அன்று மாலை, கேளாத அறிவுரை ஒன்றையும் கொடுத்தோம். நம் இளமையில் ஏலகிரி, ஏற்காடு மலைகளில் இறங்கும் லாரி ஓட்டுநர்கள் நியூட்ரலில் விட்டு வண்டியை உருட்டிக்கொண்டே வருவார்கள்; சொட்டு எண்ணெய் செலவாகாது என்பார்கள். "இறக்கத்தில் எஞ்சின் எதற்குடா வேலை செய்ய வேண்டும்? மலை தருவதை வாங்கிக்கொள்" என்றோம். சொல்லும்போது அது ஞானம் போலவே இருந்தது.

மூன்றாம் வாரம் தொலைபேசி வந்தது. தம்பியிடமிருந்து அன்று, அவனே பேசினான். குரல் நடுங்கிக்கொண்டிருந்தது. நான்கு நாளாக நியூட்ரலில் இறங்கிப் பழகியவன், அன்று மாலை பாதி இறக்கத்தில் பிரேக் மிதி பஞ்சு போல் அமுங்கிப் போவதை உணர்ந்திருக்கிறான். கருகிய நாற்றம். கியரில் போட முயன்றால் வேகம் மிகுந்து இரண்டாம் கியர் விழவில்லை. கைப்பிரேக்கை இழுத்துக்கொண்டே இடப்பக்கத்து மண்மேட்டில் வண்டியைச் சாய்த்து உரசவிட்டு நிறுத்தியிருக்கிறான். வலப்பக்கம் பள்ளம். இதே மலையில், புதூர்நாட்டை அடுத்த செம்பரைக்குக் கோயிலுக்குச் சென்றவர்களின் வேன் 2022 ஏப்ரலில் பள்ளத்தில் கவிழ்ந்து, பெண்களும் சிறுமியருமாகப் பலர் மாண்டதை நாம் செய்தித்தாளில் படித்திருந்தோம். படித்த கையோடுதானே அந்த அறிவுரையைக் கொடுத்தோம்?

அவன் நம்மைக் குறை கூறவில்லை. "நீங்கள் சொன்னதைச் சரியாகச் செய்யத் தெரியவில்லை, பெரியப்பா" என்றான். அந்தச் சொல்லைவிட அவன் ஏசியிருக்கலாம். சரியாகச் செய்யும் முறை என்று அதில் ஒன்றும் இல்லை. ஆபத்து என்பது ஒருபுறம் இருக்க, அது சிக்கனமும் அன்று. இன்றைய எஞ்சின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதை உணர்ந்து எரிபொருள் தெளிப்பு அடியோடு நின்றுவிடும். செலவு சுழியம், வண்டியைப் பிடித்து நிறுத்துவதற்கு எஞ்சினும் துணை நிற்கும். நியூட்ரலில் விட்டாலோ, எஞ்சின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் வேண்டும். மலையின் பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். நாற்பது ஆண்டுக்கு முந்தைய லாரிகளிடமிருந்து நாம் கற்றதை, சரியா என்று ஒருமுறையும் நிறுத்துப் பாராமல் அடுத்த தலைமுறையின் கையில் கொடுத்திருந்தோம். அவன் கணக்கேட்டை அவ்வளவு நுட்பமாகத் திருத்திய நாம்! உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய ஒப்புரவு அருட்சாதனத்தில் இதைச் சொன்னபோது, பங்குத்தந்தை ஒரு கணம் தயங்கிவிட்டு, "வண்டி இப்போது சரியாகிவிட்டதா?" என்றுதான் முதலில் கேட்டார்.

அந்த மண்மேட்டருகே நடந்த ஒன்றை அவன் பிறகு, பல நாள் கழித்துச் சொன்னான். வண்டி நின்றதும் முதலில் ஓடி வந்தவர்கள் அடுத்த வளைவின் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தவர்கள். மலையாளி என்று தம்மை அழைத்துக்கொள்ளும் அம்மலையின் பழங்குடி மக்கள். சக்கரத்துக்கு அண்டைக்கல் கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். புளி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வந்த ஒரு மூதாட்டி வண்டியைச் சுற்றிப் பார்த்து, இது நாள்தோறும் தங்களைக் கடந்து போகும் வண்டிதானே என்று கேட்டிருக்கிறார். ஆமென்று சொன்னதும், "தினமும் காலியாகவே வேகமாய்ப் போகுதே, யாரோ நோயாளியைக் கூட்டிவரத்தான் போகுதுன்னு நெனச்சோம், சாமி" என்றாராம். அந்த மூதாட்டி ஏளனமாகச் சொல்லவில்லை என்பதில் அவனுக்கு ஐயமில்லை. மெய்யாகவே அப்படித்தான் எண்ணியிருக்கிறார்கள். இருக்கைகள் காலியாக ஒரு வண்டி அத்தனை விரைவாகப் போவதற்கு வேறு காரணம் அவர்களுக்குத் தோன்றவில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் எழுதிய 'லௌதாத்தோ சி' திருமடலில், ஓரிருவர் மட்டும் அமர்ந்து செல்லும் கார்களால் நகரங்கள் படும்பாட்டைக் குறிப்பிட்டுள்ளார். வண்டியைப் பலரோடு பகிர்ந்துகொள்வதை, படைப்பைப் பேணும் சிறு செயல்களுள் ஒன்றாகவும் எண்ணுகிறார். நாம் அந்த மடலைப்பற்றி நம் அன்பியக் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசியிருக்கிறோம். திண்ணையில் கணக்குப் போட்ட அன்றோ, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வகுத்தோமே தவிர, எத்தனை பேருக்கு என்று வகுக்கவில்லை. முன்னிருக்கையில் நாம் அமர்ந்திருந்ததால் அன்று காலி இருக்கைகள் கண்ணுக்குப் படவில்லை போலும்.

பிரேக் தகடுகளை மாற்றி, வண்டி மறுபடியும் மலையேறத் தொடங்கிப் பல மாதங்கள் ஆகின்றன. வளைவு வருமுன்பே காலை எடுத்துவிட்டு, கியரிலேயே வேகத்தைக் குறைத்து, சீழ்க்கை எழாதபடி ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறான். கணக்கேட்டில் 15.8 வரை ஏறிற்று. பெட்ரோலில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலுக்கு லிட்டருக்கு லிட்டர் மூன்றில் ஒரு பங்கு வெப்பம் குறைவு என்பதால், அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் முன்னேற்றம் இன்னும் சற்று அதிகம். ஒரே ஒரு செலவை மட்டும் நாமே கூட்டச் சொன்னோம். கடுமையாக ஏறி முடித்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிட வேண்டும். இல்லையேல் சூட்டில் தகிக்கும் டர்போவின் தாங்கிகளில் எண்ணெய் கருகிப் படியும். இம்முறை சொல்வதற்குமுன், வண்டியோடு வந்த கையேட்டையும் ஒரு நல்ல மெக்கானிக்கையும் கேட்டுவிட்டுத்தான் சொன்னோம்.

எண்ணம் 15.8இல் நின்றிருந்தால் தம்பி மகிழ்ந்திருப்பார். நிற்கவில்லை. நிறுத்தத்தில் நிற்பவர்களை ஏற்றத் தொடங்கியபின் அது 14.6க்கு இறங்கிவிட்டது. பாரம் கூடுகிறது, நின்று நின்று கிளம்புகிறது. கூலி வாங்குவதில்லை, வாங்குவது சட்டப்படியும் ஆகாது. "மறுபடியும் குறைகிறதே அண்ணா" என்று தம்பி தொலைபேசியில் பேசினார். நாலு பேர் போனால் 14.6ஐ நாலால் பெருக்க வேண்டும் என்றோம். அவர் சற்று நேரம் பேசாமலிருந்து, "உங்களுக்கு எப்போதும் ஒரு கணக்கு இருக்கிறது" என்றார். நியூட்ரல் கதை அவருக்கு இன்றுவரை தெரியாது.

சென்ற மாதம் மறுபடியும் மலைக்குச் சென்றோம். இம்முறை நமக்குக் கிடைத்தது பின்னிருக்கையின் நடு இடம். இருபுறமும் புத்தகப்பைகள், மடியில் யாருடைய பையோ ஒன்று. முன்னிருக்கையில் அந்த மூதாட்டி, கால்களுக்கிடையே ஒரு பலாப்பழத்தை இடுக்கிக்கொண்டு. காவலூரைத் தாண்டிய நேரான சாலையில் ஒரு சிறுவன், "சார், ஒருமுறை அந்த விசில் சத்தம் போடுங்க சார்!" என்று கெஞ்சினான். தம்பி மகன் கண்ணாடியில் நம்மைப் பார்த்தான். நாம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டோம். சீழ்க்கை எழுந்தது, பிள்ளைகள் கூச்சலிட்டார்கள், மூதாட்டி பழத்தை இறுகப் பற்றிக்கொண்டார்.

பள்ளி வாசலில் இறங்கியபின் அவன் கணக்கேட்டைக் காட்டினான். லிட்டர், தூரம், மைலேஜ் என்றிருந்த மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில், 'ஆள்' என்று நாலாவதாக ஒரு கட்டம் கோடு கிழித்திருந்தான். அன்றைய வரியில் 5 என்று எழுதிவிட்டு, சிறிது யோசித்து, பலாப்பழத்தை என்ன செய்வது என்று நம்மைக் கேட்டான்.